செக்ரோலில் ஏறிய பேர்

மலைநாட்டுத் தோட்டங்களிலே "பேர்" என்னும் சொல்லுக்கு அகராதிகளிற் காணக்கிடைக்காத பொருளொன்று உண்டு. ஒரு நாள் வேலை ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். இந்த மாதம் எத்தனை பேர் என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், அவள் ஆட்களின் தொகையைக் கேட்கவில்லை. எத்தனை நாளுக்குக் கூலி விழுந்தது என்று கேட்கிறாள். பேர் பதிதல் என்றால் தோட்டத்தில் வேலைக்குச் சேர்தல். பேர் வெட்டுதல் என்றால் வேலையினின்றும் நீக்கப்படுதல். செக்ரோல் என்னும் நீண்ட கணக்கேட்டிலே, ஒருவரது பெயருக்கு எதிரே கணக்கப்பிள்ளை இடும் குறியே அந்த மனிதரின் ஒரு நாள்.

ஒரு மனிதனின் பெயரும் அவனுடைய ஒரு நாட்கூலியும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது தற்செயலன்று. கண்டியைச் சூழ்ந்த மலைகளின் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தொழில் வரலாறு அந்தச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அவ்வரலாற்றை எழுதப் புகுவோன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, யார் உழைத்தார்கள் என்பதன்று. அது யாவரும் அறிந்ததே. யாருடைய உழைப்பு எந்த ஏட்டில் ஏறிற்று, அந்த ஏடு யாருடைய அலுமாரியில் இருந்தது என்பதே கேள்வி.

இயந்திரங்களிலிருந்து தொடங்குவோம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர், 1820களில் பேராதனை, கம்பளைப் பக்கங்களிலே காப்பித் தோட்டங்கள் தோன்றின. காப்பிப் பழத்தின் தோலையுரித்துக் கொட்டையை உலர்த்துவது பெருஞ் சிக்கலாயிருந்தது. மழை விடாத மலையிலே முற்றத்திற் பரப்பிய காப்பி பூஞ்சணம் பிடிக்கும். கண்டி மலைகளிற் காப்பி பயிரிட்ட வில்லியம் கிளெரிஹூ என்பவர் விசிறிகளின் துணையாற் சூடான காற்றை இழுத்து உலர்த்தும் முறையொன்றை வகுத்து, அதற்கு ஆக்கவுரிமைப் பத்திரம், அதாவது பேட்டன்ட், பெற்றார். 1854இல் ஜோன் வாக்கர் கண்டி நகரிலே தொடங்கிய பட்டறை, தோலுரிக்கும் இயந்திரங்களாற் பெயர் பெற்றது. 1859இல் இலங்கைக்கென்றே கண்டுபிடிப்பாளரின் உரிமையைக் காக்கும் கட்டளைச்சட்டம் ஒன்று பிறந்தது. அது 1906இலும் 1979இலும் 2003இலும் புதுச்சட்டங்களாக உருமாறி இன்றுவரை வாழ்கின்றது.

காப்பி 1869க்குப் பின் இலைநோயால் அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் சுமார் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவருடைய முதலாவது "தொழிற்சாலை" அவர் குடியிருந்த வீட்டின் விறாந்தைதான். அங்கே மேசைமேற் பரப்பிய கொழுந்தை மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள்; களிமண் அடுப்பிலே கரிநெருப்பில் வாட்டினார்கள். உருட்டிய கைகள் யாருடையவை? டெய்லரின் பெயரை உலகம் அறியும். அந்தக் கைகளுக்குரியோரின் பெயரைச் சொல்ல ஆளில்லை. பின்னர் டெய்லரே உருட்டு இயந்திரமொன்று அமைத்தார். அசாமிலே வில்லியம் ஜாக்சன், கையின் சுழற்சியை இரும்பிற் செய்துகாட்டும் உருளைகளை 1870களில் இயற்றினார். பெல்பாஸ்ற் நகரத்து சாமுவேல் டேவிட்சனின் "சிறொக்கோ" உலர்த்தி களிமண் அடுப்பை ஒழித்தது. இவர்களுடைய உரிமைப் பத்திரங்களெல்லாம் அரசின் பொதுப்பதிவிற் கிடக்கின்றன. இன்ன இயந்திரம், இன்னாரின் கண்டுபிடிப்பு, இந்நாள் முதல் இன்ன காலத்துக்கு அவருக்கே உரியது என்று முத்திரையிட்டு வைத்திருக்கிறார்கள். அக்கால ஆங்கிலச் சட்டப்படி பதினான்கு ஆண்டு உரிமை. அந்த ஆண்டுகளில் ஜாக்சனோ டேவிட்சனோ தமது உரிமையை நாடோறும் புதிதாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஏட்டைக் காப்பது அரசின் கடமையாயிருந்தது.

இவர்களின் அறிவைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. அந்த இயந்திரங்கள் அற்புதமானவை. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாய் இருக்கிறது. கண்டியிலிருந்து சிறிது தூரமே. பழைய உருளைகளையும் உலர்த்திகளையும் அங்கே நின்று பார்ப்பவர், செய்தவர் பெயரை வார்ப்பிரும்பிலேயே படித்துக்கொள்ளலாம். முழங்கையின் அசைவு இரும்புக்குப் போயிற்று. இரும்பின் பெயர் பத்திரத்துக்குப் போயிற்று. முழங்கைக்குரியவரின் பெயர் எங்கே போயிற்று என்பதையே நாம் தேடுகிறோம்.

அது கங்காணியின் கணக்குக்குள் போயிற்று. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய சீமைகளிலிருந்து கண்டிச் சீமைக்கு ஆள் கட்டிவந்தவன் கங்காணி. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முன்பணம். முன்பணம் எல்லாம் கடன். தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போவதற்குத் துரை எழுதிக்கொடுத்த தாள் "துண்டு" எனப்பட்டது. இன்ன கங்காணியும் அவனுடைய ஆட்களும் இத்தனை ரூபா கட்டினால் விடுவிக்கப்படுவர் என்பது அதன் சாரம். கூர்ந்து நோக்குக: இந்தத் துண்டு ஒரு தொழிலாளியின் தொழில் வரலாறு அன்று. அவன் எத்தனை ஆண்டு கவ்வாத்து வெட்டினான், அவள் எத்தனை மலை ஏறினாள் என்பது அதில் இல்லை. கடன் மட்டுமே உண்டு. கங்காணியின் பெயர் உண்டு. ஆட்களுக்குத் தொகைதான் உண்டு. ஒரு துரையிடமிருந்து மற்றொரு துரைக்குத் துண்டு கைமாறும்போது, அதனோடு ஐம்பது அறுபது மனிதர் கைமாறினர். ஒழுங்காகக் கட்டப்பட்ட கடன்பத்திரம் சந்தையில் விலைபோவது போல அன்றோ இது!

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம் வேலையை விட்டோடுதலைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனை விதித்தது. ஆகவே, தொழிலாளியின் பெயர் தனியாக, முழுமையாக, அரசின் ஏட்டில் ஏறிய இடங்களுள் ஒன்று நீதிமன்றத்துப் பிடியாணை என்பது வியப்புக்குரியதன்று. 1901ஐ ஒட்டி வந்தது தகரச் சீட்டு. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகட்டைக் கழுத்திற் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஒரு பொதியின் மேல் விலாசம் ஒட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமை காண்பது கடினம்.

பல்லாண்டுக் கண்டனத்தின் பின் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டை ஒழித்தது. 1922இல் இந்தியாவிலே குடியகல்வுச் சட்டம் வந்தது. 1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியிலே அலுவலகம் வைத்திருந்தார். ஆள் சேர்க்கும் கங்காணி அதன்பின் உரிமம் பெற்றே தொழில் நடத்த வேண்டியதாயிற்று. தோட்டத்தில் ஒரு தொழிலுக்கு அரசு உரிமம் வழங்கிற்று என்றால், அது பறிக்கிறவளுக்கோ வெட்டுகிறவனுக்கோ அன்று, அவர்களைக் கூட்டிவந்தவனுக்கே. 1939இல் இந்தியா உடலுழைப்பாளர் வெளியேறுவதைத் தடை செய்யவே அவ்வுரிமத்துக்கு வேலையில்லாது போயிற்று.

துண்டு போனபின் வலுப்பெற்றது ஆளுக்கொரு விடுவிப்புச் சீட்டு. தோட்ட மக்கள் அதைப் பற்றுச்சீட்டு என்றனர். கடன் எழுதிய தாளை விட இது மேலானதுதான். ஆயினும், அந்தச் சீட்டின்றி வேறு தோட்டம் வேலை கொடாது. சீட்டை எழுதுகிறவர் துரை. சங்கம் சேர்த்தவன் கையிற் பற்றுச்சீட்டு விழுந்தால், அக்கம்பக்கத்துத் தோட்டமெங்கும் அவன் வருமுன்பே அவன் கதை போய்ச் சேர்ந்திருக்கும். ஒருவனுடைய தொழில் வரலாறு என்பது அவனுக்குச் சான்றாகாமல் அவனுக்கு எதிரான சாட்சியாக மாறும் விந்தையை வேறெங்கும் இத்துணைத் தெளிவாகக் காண முடியாது.

இவ்வளவும் முன்கதை. உண்மையான கொடுமை சுதந்திரத்தோடு வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, இலங்கையிலே பிறந்தவன் பிரசையாவதற்குத் தானிங்கே பிறந்தது போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்திலே குழந்தை பிறந்தால் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டியவர் துரை. அறிவித்தாரோ இல்லையோ, அறிவித்தபோது என்ன பெயர் எழுதினாரோ, லயத்திலே இருந்த தாய்க்குத் தெரியாது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவுச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்ததாகச் சொல்லிற்று. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதன்பின் மனுச்செய்யும் வரையும் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

எதைக் கொண்டு காட்டுவது? செக்ரோலைக் கொண்டு. பற்றுச்சீட்டைக் கொண்டு. தோட்டத்து ஏடுகளைக் கொண்டு.

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி கழுத்தைப் பிடிக்கிறது. எழுபது எண்பது ஆண்டுகளாக இம்மக்களைப் பற்றி எழுதப்பட்ட ஏடு ஒவ்வொன்றும் தோட்டக் கம்பனியின் சொந்தச் சொத்து. தொழிலாளி அதைத் தொட்டதுமில்லை, படித்ததுமில்லை. கூலிக் கணக்கு முடிந்தபின் அதைப் பேணிவைக்க வேண்டுமென்று எந்தத் துரைக்கும் தோன்ற நியாயமுமில்லை. தோட்டம் விலைப்பட்டால் பழைய ஏடு கறையானுக்கு. கண்டுபிடிப்பாளனுக்கு வேண்டிய ஏட்டை அரசே காத்தது. குடியுரிமைக்கு வேண்டிய ஏட்டையோ, அது யார் கையில் ஒருபோதும் இருந்ததில்லையோ அவனையே கொண்டுவரச் சொன்னது.

கிடைத்த ஏடுகளும் உதவினவா? ஒரே மனிதனை ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முத்துச்சாமி என்றும், அடுத்த தோட்டத்தான் முத்தன் என்றும் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பான். தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்திலே கங்காணியின் பெயர் நிற்கும். பெண்களின் நிலை இன்னும் மோசம். நெடுங்காலம் அவர்களின் கூலியைக் கணவனோ கங்காணியோ வாங்கிக்கொண்டான். ஆணுக்கிணையான நாட்கூலி அவர்களுக்குக் கிடைத்ததே 1984இல். ஊருக்குச் சாவுக்கோ கலியாணத்துக்கோ போய்வந்த மாதங்களிலே செக்ரோலில் குறி இராது. ஓராண்டுக்கு மேற்பட்டால் இடையறாத வாழ்க்கை அறுந்தது என்று விசாரணை அதிகாரி தீர்ப்பெழுதலாம். பிறந்த நாட்டை விட்டு ஒருநாளும் போகாதவனுக்கும், இடையிலே பேர் விழாத காலம் எங்கே இருந்தாய் என்ற கேள்வி வந்தது. எங்கே இருந்தான்? காய்ச்சலோடு லயத்திற் கிடந்திருப்பான்.

இலங்கை இந்தியக் காங்கிரசு முதலிலே இச்சட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லிப் பின்பு மனம் மாறியது. அதனால் 1951 ஆகஸ்டிற் கெடு முடிவதற்குள் மனுக்கள் மலையாய்க் குவிந்தன. சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் மனுக்கள். அவற்றுள் அடங்கியோர் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம். ஆங்கிலப் படிவங்கள், சத்தியக் கடதாசிகள், நொத்தாரிசுக்குக் கூலி. ஆண்டுக்கணக்கில் நடந்த விசாரணைகளின் முடிவில் பிரசையானோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. மற்றவர்கள் பொய் சொன்னவர்களல்லர், ஏடில்லாதவர்கள்.

பின்னர் நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைத் தமக்குள் பங்கிட்டனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மீதி பிறகு பார்ப்போம் என்று. அந்த மீதி 1974இல் சரிபாதியாக வெட்டப்பட்டது. பெட்டி கட்டிக்கொண்டு கண்டி நிலையத்திலே இரயிலேறியவர்களின் கையில் முதன்முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு பத்திரம் இருந்தது. அது போவதற்கான பத்திரம். எஞ்சியோருக்கு 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமை அளித்தன. 1948இற் பறிபோனது முழுமையாக மீள 55 ஆண்டுகள் சென்றன. இதற்கிடையே 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் போனபோதும், 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்தபோதும், எத்தனை ஏடுகளும் சீட்டுகளும் சாம்பலாயின என்று யார் கணக்கெடுத்தார்?

டெய்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் சம்பளத்துக்கு இருந்தவர்தான். கடைசி ஆண்டிலே முதலாளிகள் அவரையும் வேலையினின்று நீக்கினர். 1892 மே மாதத்தில் லூல்கந்துரவிலேயே இறந்தார். அவரது உடலைத் தொழிலாளர் மாறிமாறித் தோள்கொடுத்து மலைவழியே கண்டிக்குச் சுமந்து வந்ததாகச் சொல்வர். மகியாவ மயானத்திலே கல்லில் அவர் பெயர் நிற்கிறது. சுமந்தவர்களுக்கு அன்று செக்ரோலிலே பேர் விழுந்திருக்குமா என்பது வேறு விடயம்.

குடியுரிமை வந்தபின் ஏடுகளின் கணக்குத் தீர்ந்துவிட்டதா? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி பிறந்தது. தொழிலாளியின் வேலைக்காலம் முதன்முறையாக அரசு பொறுப்பேற்ற ஏட்டிலே ஏறியது நல்லதொரு காரியம். ஆனால் முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வுபெறும் பெண் தனது பணத்தை வாங்கப் போகும்போது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்து அலுவலகத்தில் நிரப்பிய பி கார்ட்டில் வேறொரு பெயர் என்றிருப்பது இன்றும் மலையகத்திற் பரிச்சயமான தொல்லை. மூன்றும் தானே என்று அவள் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதற்காக ஒரு நாள் வேலையை விட்டு நகரத்துக்கு வர வேண்டும். அந்த நாளுக்கு அவள் மகளுக்கும் பேர் இல்லை. தாயோடு துணைக்கு வந்திருக்கிறாள்.