மூன்று படுக்கைகளில் தொடங்கிய விடுதி

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் உட்பள்ளத்தாக்கு ஒன்றில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஊர் செர்மாட். ஜெனீவா நகரத்து அறிஞர் ஹொராஸ் பெனடிக்ட் தெ சொசூர் 1789ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். இரண்டாண்டுகளுக்கு முன்னர் மோன் பிளாங் சிகரத்தின் உச்சியில் நின்று ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றவர் அவர். அந்தப் புகழ் செர்மாட்டில் செல்லுபடியாகவில்லை. அந்நியருக்கு இடமளிக்க ஊரார் முதலில் மறுத்துவிட்டனர். வழிகாட்டி வாதாடிய பின்னரே அறிஞருக்கு ஒரு கூரை கிடைத்தது. இன்று உலகெங்கிலுமிருந்து விருந்தினரை வரவேற்று வாழும் அவ்வூரின் விருந்தோம்பல் வரலாறு இவ்வாறு ஒரு மறுப்பில்தான் தொடங்குகிறது.

அம்மறுப்பைக் கல்நெஞ்சம் என்று கொள்வது பொருந்தாது. ஆண்டில் பாதி பனியில் புதைந்து கிடந்த ஊர் அது. கம்பரிசி எனப்படும் புல்லரிசித் தானியமும் கொஞ்சம் உருளைக்கிழங்கும், கோடையில் மேட்டு நிலங்களில் மேயும் மாடுகளும் ஆடுகளுமே அம்மக்களின் செல்வம். பகிர்ந்துகொள்ள அதிகம் இல்லாதவர்களிடம், கற்களையும் பனிப்பாறைகளையும் பார்க்க வந்ததாகக் கூறிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் ஐயம் எழாமல் என்ன செய்யும்?

பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் தாவரவியலாரும் நிலவியலாரும் ஒருவர் இருவராக வந்தனர். அவர்களுக்குப் பாதிரியாரின் வீடே புகலிடமாயிற்று. 1839ஆம் ஆண்டில் அவ்வூர் மருத்துவர் யோசெப் லௌபர் தம் வீட்டில் மூன்று படுக்கைகளைப் போட்டு வழிப்போக்கரைத் தங்க வைக்கத் தொடங்கினார். தமிழ் வழக்கில் சத்திரம் என்றால் அறத்தின் பொருட்டுக் கட்டப்பட்டது என்றே நினைவு வரும். லௌபரின் சத்திரமோ காசு வாங்கிக்கொண்டு கட்டிலும் சூப்பும் தந்த இடம். எனினும், முறையாக விருந்தினரை ஏற்ற முதல் வீடு என்ற பெருமை அதற்கே உரியது. சில ஆண்டுகள் கழித்து, 1852ஆம் ஆண்டளவில், வலே மாநில அரசியலில் செல்வாக்குப் பெற்றிருந்த யோசெப் அன்டோன் கிளெமென்ஸ் என்பார் மோன் செர்வேன் என்ற பெயரில் சற்றே பெரிய விடுதி ஒன்றைக் கட்டினார்.

இந்நிலையில்தான் அலெக்சாண்டர் சைலர் வந்து சேர்ந்தார். 1819இல் பிறந்த அவர் அதே வலே மாநிலத்தின் வேறொரு மலைப்பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் செய்வது அவருடைய தொழில். செர்மாட்டில் துணைப் பாதிரியாராக இருந்த சகோதரரின் தூண்டுதலால் அவ்வூரைக் காண வந்தார் என்பர். ஊரில் ஒருவர் சவர்க்காரத்தை விற்க வந்தால் சவர்க்காரமே விற்றுப் போவார். சைலரோ மலையைக் காண வருவோரை எண்ணிப் பார்த்தார். 1850களின் நடுவில் லௌபரின் சத்திரத்தை முதலில் குத்தகைக்கும் பின்னர் விலைக்கும் பெற்று, மூன்று படுக்கைகளை முப்பத்தைந்தாகப் பெருக்கி, மோன்டே ரோசா என்று பெயரிட்டார். அவர் மனைவி கத்தரீனா இல்லப் பொறுப்பை ஏற்றார். சமையலும் வெள்ளாவித் துணியும் நோயுற்ற விருந்தினரின் பராமரிப்பும் அவர் கையிலேயே இருந்தன. விடுதி என்பது கட்டடம் மட்டுமன்று, அதனுள் ஒரு குடும்பத்தின் உழைப்பும் அடங்கும் என்பதை அக்காலத்துப் பயணிகள் நன்கு உணர்ந்திருந்தனர்.

காலமும் சைலருக்குத் துணை நின்றது. 1857இல் இலண்டனில் ஆல்பைன் கழகம் தோன்றியது. மலையேறுவதே ஒரு பொழுதாக, ஒரு வேட்கையாக ஆங்கிலேய நடுத்தர வகுப்பாரிடம் பரவியது. வழக்கறிஞரும் பாதிரியாரும் கல்லூரி ஆசிரியரும் கோடை விடுமுறையில் மோன்டே ரோசா விடுதியின் வாயிலில் கூடினர். மரச்செதுக்கு ஓவியரான எட்வர்ட் விம்பர் 1864ஆம் ஆண்டின் அக்காட்சியைச் செதுக்கித் தம் நூலில் சேர்த்திருக்கிறார். விடுதியின் முன்புறத்தில் மலையேறிகள் நின்றும் சாய்ந்தும் உரையாட, வேலைக்கு அழைப்பு வரும் என்று வழிகாட்டிகள் சுவரோரம் காத்திருக்கும் காட்சி அது. முதலாளியும் கூலியும் ஒரே படத்தில் இருந்தும் ஒரே வரிசையில் இல்லை என்பது நோக்கத்தக்கது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை உலகம் அறியும். 1865 ஜூலை 13ஆம் நாள் விம்பரும் உடன் சென்ற அறுவரும் செர்மாட்டிலிருந்து புறப்பட்டு, மறுநாள் 4,478 மீட்டர் உயரமுடைய மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டினர். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து, நால்வர் பாதாளத்தில் வீழ்ந்து மாண்டனர். குரோ என்ற வழிகாட்டி, ஹட்சன் பாதிரியார், ஹாடோ என்ற இளைஞர், டக்ளஸ் பிரபு ஆகியோர் அவர்கள். டக்ளசின் உடல் கிடைக்கவே இல்லை. உயிர் பிழைத்துத் திரும்பிய விம்பரை வாயிலில் எதிர்கொண்ட சைலர், கேள்வி எதுவும் கேளாமல் அறை வரை பின்தொடர்ந்து சென்றார் என்று விம்பரே பின்னர் எழுதியிருக்கிறார். பிழைத்தவர்களில் மற்ற இருவரும் தௌக்வால்டர் என்னும் உள்ளூர் வழிகாட்டியும் அவர் மகனும் ஆவர். கயிற்றை அறுத்தார் என்ற பழிச்சொல் தந்தையை நெடுநாள் தொடர்ந்தது. விபத்தைப் பற்றிய அரசு விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் மேலே கண்ட கிளெமென்ஸ்தான். விசாரணை நடந்த இடமும் அவருடைய மோன் செர்வேன் விடுதியேதான். நீதிமன்றம் இல்லாத ஊரில் விடுதியே நீதிமன்றமாயிற்று.

சாவு நேர்ந்த மலையைக் கண்டு மக்கள் அஞ்சி ஒதுங்குவர் என்று எண்ணுவது இயல்பு. நடந்ததோ நேர்மாறு. இலண்டன் நாளேடுகள் கண்டித்து எழுதிய ஒவ்வொரு பத்தியும் செர்மாட்டுக்கு விளம்பரமாயிற்று. 1867இல் சைலர் மோன் செர்வேன் விடுதியையும் வாங்கினார். 1870இல் ஆங்கிலேயர் தமக்கெனச் சீர்திருத்தக் கிறித்துவ ஆலயம் ஒன்றை, முழுக் கத்தோலிக்க ஊரான அங்கே எழுப்பினர். ஊருக்கு மேலே ரிஃபெல்பெர்க் மேட்டில் பாதிரியார்கள் முன்பே கட்டியிருந்த விடுதிக்கு 1878இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் ஏறிச் சென்றார். சில மணி நேர நடையைப் பெரும் படையெடுப்பாக ஊதிப் பெருக்கி அவர் எழுதிய நகைச்சுவை, மலையேறிகளின் வீராவேசத்தைக் கேலி செய்தது. கேலியும் விளம்பரமே.

செல்வம் பெருகப் பெருக, செர்மாட்டில் வேறொரு கேள்வி கனன்றது. மலை யாருக்குச் சொந்தம்? சுவிட்சர்லாந்தில் ஒருவர் முதலில் ஓர் ஊரின் குடியுரிமையாளர். அதன் வழியாகவே மாநிலத்துக்கும் கூட்டாட்சிக்கும் குடிமகன். ஊர்க் குடியுரிமை என்பது வெறும் பெயரன்று. காட்டில் விறகு வெட்டவும், மேட்டு மேய்ச்சலில் மாடு விடவும், பொதுச்சொத்தில் பங்கு பெறவும் அதுவே உரிமைப்பத்திரம். செர்மாட்டுக்குச் செல்வத்தைக் கொண்டுவந்த சைலர், அவ்வூரில் இருபதாண்டுகளாக வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்றவர், 1870களின் தொடக்கத்தில் அந்த உரிமையைக் கேட்டார். ஊரார் மறுத்தனர்.

1789இல் சொசூருக்குச் சொன்ன மறுப்பின் எதிரொலி இது என்று தோன்றலாம். ஆனால் இம்முறை காரணம் வேறு. இருக்கும் விடுதிகளில் பெரும்பாலானவை ஒரே மனிதர் கையில் சேர்ந்துவிட்டன. பொதுநிலத்திலும் அவருக்குப் பங்கு கொடுத்தால் எஞ்சுவது என்ன என்று அவர்கள் அஞ்சினர். அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே வேளையில், தங்கள் மகன்கள் வழிகாட்டிகளாகவும் சுமைதூக்கிகளாகவும் கோவேறு கழுதைக்காரர்களாகவும் பிழைத்தது சைலரின் விடுதிகளால்தான் என்பதும் மெய். வழக்கு மாநில அரசுக்கும் கூட்டாட்சி அமைப்புகளுக்கும் மாறிமாறிச் சென்று பல்லாண்டுகள் நீண்டது.

ஊரார் வழக்காடிக்கொண்டே மற்றொன்றும் செய்தனர். அதுதான் இவ்வரலாற்றில் மிகவும் வியக்கத்தக்கது. தாங்களே ஒரு விடுதியைக் கட்டினர். கல் சுமந்தும் மரம் இழுத்தும், குடிகள் தத்தம் முறைக்கு வேலைக்கு வந்தும் ஊர்ச்சபை எழுப்பிய செர்மாட்டர்ஹோஃப் என்னும் அப்பெருவிடுதி 1879இல் திறக்கப்பட்டது. வேளாண் குடிகள் கூட்டுச்சேர்ந்து ஏரியை வெட்டுவதும் குளத்தைத் தூர் வாருவதும் தமிழர் அறிந்ததே. அவ்வகை உழைப்பால் பணக்கார விருந்தினர்க்கு ஒரு மாளிகை எழும்பியது அரிய நிகழ்ச்சி.

சைலருக்கு 1889இல் குடியுரிமை கிடைத்தது. அதற்குள் அவர் 2,222 மீட்டர் உயரத்தில் ரிஃபெல்ஆல்ப் விடுதியையும் 1884இல் திறந்திருந்தார். வென்ற உரிமையை அனுபவிக்க இரண்டாண்டுகளே எஞ்சியிருந்தன. 1891 ஜூலையில் அவர் காலமானார். அதே மாதம் விஸ்ப் நகரிலிருந்து வரும் இரயில் பாதை செர்மாட்டை எட்டியது.

இரயில் வந்ததும் சத்திரத்தின் காலம் முடிந்தது எனலாம். அதுவரை குளியல் தொட்டியும் கண்ணாடியும் மனித முதுகிலும் விலங்கின் முதுகிலும் ஏறி வந்தன. இப்போது பெட்டிகளோடு பெண்டிரும் முதியோரும் வந்து இறங்கினர். மலையேறாதவரும் மலையைப் பார்க்கலாம் என்ற நிலை தோன்றியது. 1898இல் கோர்னர்கிராட் முகடு வரை மின்சாரப் பல்சக்கர இரயில் ஓடியது. சுவிட்சர்லாந்தின் முதல் மின்சாரப் பல்சக்கரப் பாதை அதுவே. விடுதியின் வேலையும் மாறியது. விடியுமுன் எழுந்து கயிற்றோடு புறப்படுபவருக்கு ரொட்டி கட்டித் தந்த வீடு, மாலை உடையில் விருந்துண்பவருக்கு இசைக்குழுவும் நூலகமும் வைக்கும் மாளிகையாயிற்று.

1914இல் மூண்ட போர் இவ்வளவையும் நிறுத்தியது. அளவுக்கு மீறிக் கட்டப்பட்ட விடுதிகள் வெறிச்சோடவே, கூட்டாட்சி அரசு 1915இல் புதிய விடுதி கட்டுவதற்குத் தடை விதித்தது. பின்னர் தளர்ந்தும் இறுகியும் பல்லாண்டுகள் நீடித்த கட்டுப்பாடு அது. கோடைக்கெனவே கட்டப்பட்ட விடுதிகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தன. சைலரின் மகன் ஹெர்மான் 1927-28இல் பனிக்காலத்திலும் விருந்தினரை வரவழைக்கத் துணிந்தார். அப்போது இரயில் பனிக்காலத்தில் செர்மாட் வரை ஓடவில்லை. பாதிவழியில் இறங்கியோர் குதிரை பூட்டிய சறுக்குவண்டிகளில் ஊருக்கு வந்தனர். ஒருமுறை பனிக்காலத்தைத் திறந்துவிட்டால் கட்டடத்தையே மாற்ற வேண்டியிருக்கும். வெப்பமூட்டும் குழாய்கள், உறையாத தண்ணீர், சறுக்குப் பலகைகளை உலர்த்தும் அறை என்று தேவைகள் பெருகின. உண்மையில், பழைய சத்திரத்தை நவீன விடுதியாக்கியது இரயிலைக் காட்டிலும் பனிக்காலமே.

தேவைகள் பெருகிய வேகத்தில் ஊரின் தண்ணீரும் சாக்கடையும் பெருகவில்லை. 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுமுறை முடிந்து பிரிட்டனுக்கும் பிற நாடுகளுக்கும் திரும்பியவர்கள் காய்ச்சலில் விழுந்தனர். நச்சுக் காய்ச்சல் எனப்படும் டைஃபாய்டு அது. குடிநீரில் கழிவு கலந்ததே காரணம். நானூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். விடுதிகள் காலியாயின. பளபளக்கும் உணவறைக்கு அடியில் ஓடும் குழாயைப் பற்றி அதுவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதன்பின்னர்தான் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் முறையான அமைப்புகளில் பெரும்பணம் செலவிடப்பட்டது. சைலரின் ரிஃபெல்ஆல்ப் விடுதி அதற்கு முன்பே, 1961இல் தீக்கிரையாகிப் பல்லாண்டுகள் பாழாய்க் கிடந்து, 1998இல் புதிதாய் எழுந்தது.

எண்ணெய் எரிக்கும் கார்களுக்குச் செர்மாட்டில் இடமில்லை. வருவோர் டேஷ் என்ற கீழூரில் வண்டியை நிறுத்திவிட்டு இரயிலேறுகின்றனர். ஊருக்குள் மின்கல வண்டிகள் ஓடுகின்றன. மோன்டே ரோசா இன்றும் கடைத்தெருவில் நிற்கிறது. அதன் சுவரில் விம்பரின் உருவம் பொறித்த தகடு உண்டு. சைலர் குடும்பத்தின் பெயர் தாங்கிய விடுதிகள் காலப்போக்கில் வெளியார் நிறுவனத்தின் கைக்கு மாறின. அதே தெருவில் சில அடிகள் தள்ளி நிற்கும் செர்மாட்டர்ஹோஃபின் உரிமை, அதைக் கட்டிய குடிகளின் வழித்தோன்றல்கள் அடங்கிய ஊர்ச்சபையிடமே இருக்கிறது.