இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?



2015 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நான் சங்கச் செயலாளராக இருந்தேன். சங்கத்தின் கம்ப்யூட்டர் என் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்தது. உறுப்பினர் பட்டியல், ஒன்பது ஆண்டுச் சந்தாக் கணக்கு, பூங்கா இடத்துக்கான தானப் பத்திரத்தின் ஸ்கேன், அது தொடர்பாக நாம் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். அந்த ஆண்டுப் பொதுக்குழுவில் ஒருவர், "இதற்கெல்லாம் பேக்கப் இருக்கிறதா சார்?" என்று கேட்டார். "இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன்.

இருந்தது உண்மைதான். ஆனால் அந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அதே மேஜையில், கம்ப்யூட்டருக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. தண்ணீர் இரண்டையும் சேர்த்தே நனைத்துவிட்டது.

பூங்கா ஆவணங்கள் பிழைத்ததற்குக் காரணம் நானல்ல. இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் குடியிருந்த முன்னாள் பொருளாளர் ஒருவர், எல்லாவற்றையும் ஒரு செராக்ஸ் எடுத்து மஞ்சள் பையில் போட்டுப் பரணில் வைத்திருந்தார். "எதற்கு சார் இந்தக் குப்பை?" என்று அவரைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். சந்தாக் கணக்கு மட்டும் அந்தப் பையில் இல்லை. அது போனது போனதுதான்.

அந்த மஞ்சள் பைக்கு ஒரு நீண்ட பரம்பரை இருக்கிறது என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அதைத்தான் இந்த இதழில் சொல்ல நினைக்கிறேன்.

ஓலைக் காலம்

பனையோலை நம் தட்பவெப்பத்தில் நிரந்தரம் அல்ல. ஈரமும் பூச்சியும் மெல்ல மெல்ல அரித்துவிடும். எனவே ஒரு நூல் வாழ வேண்டுமானால், பழைய சுவடி சிதையும் முன் யாராவது அதைப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுத வேண்டும். அப்படித் தலைமுறை தலைமுறையாக எழுதியவர்களால்தான் பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஒரு சுவடியை நம்பவில்லை. பல இடங்களிலிருந்து பிரதிகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்திருந்த வரி இன்னொன்றில் இருந்தது. பல ஊர்களில், பல வீடுகளில் பிரதிகள் இருந்ததால்தான் இது முடிந்தது.

வளையாபதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இளமையில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் அதன் சுவடியைத் தாம் பார்த்ததாக ஐயர் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் தேடியபோது அது அங்கே இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, இன்று நம்மிடம் எஞ்சியிருப்பவை சில பாடல்களே.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சான நூல்கள் பலவற்றை வேறு ஊர்களிலிருந்து மீண்டும் திரட்ட முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத கையெழுத்துச் சுவடிகளைத் திரட்ட வழியே இல்லை.

நாடாவும் பிளாப்பியும்

கம்ப்யூட்டர் வந்த பிறகும் கதை மாறவில்லை. ஓலையின் இடத்தில் வேறு பொருள் வந்தது, அவ்வளவுதான். ஐ.பி.எம். நிறுவனம் 1952-இல் தன் கம்ப்யூட்டருக்குக் காந்த நாடாவை அறிமுகப்படுத்தியது. 1956-இல் அதே நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. அதில் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

நாடாவைச் சுருட்டி எடுத்துப் போக முடியும். அதனால் பெரிய நிறுவனங்கள் அதில் பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் வைக்கப் பழகின. அப்போது உருவான ஒரு முறைக்குப் பெயரே 'தாத்தா, அப்பா, பிள்ளை'. தினமும் எடுப்பது பிள்ளை, வாரம் ஒன்று அப்பா, மாதம் ஒன்று தாத்தா. நேற்று நுழைந்த தவறு இன்றைய பிரதியிலும் ஏறியிருக்கும். ஆனால் போன மாதத்துத் தாத்தா அதைத் தொடாமல் இருப்பார். இன்றைக்கும் ஒரு மளிகைக் கடைக் கணக்குக்கு இதைவிட எளிய பாதுகாப்பு இல்லை.

1971-இல் வந்த பிளாப்பி, சிறு வியாபாரிகளுக்கும் வீடுகளுக்கும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது. 1990-களில் கடைக் கணக்கை மாலையில் பிளாப்பியில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன கணக்குப்பிள்ளைகளை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கொள்ளளவு 1.44 எம்.பி.தான், மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். ஆனால் கடை ஓரிடத்திலும் பிரதி வேறிடத்திலும் இரவைக் கழித்தன. 500 ஜி.பி. டிஸ்க்கை மேஜையிலேயே வைத்திருந்த நான் செய்யாததை அவர்கள் செய்தார்கள்.

படத்தைக் காப்பாற்றிய பிரதி

1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறான ஒரு கட்டளையைக் கொடுக்க, படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி கண்ணெதிரே அழிந்தது. பேக்கப் நாடாவை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. பதிவாகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். திரும்ப எடுக்க முடிகிறதா என்று முன்கூட்டியே சோதித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அங்கே தொழில்நுட்ப மேற்பார்வையில் இருந்த கேலின் சுஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்து வந்தார். அதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் மெதுவாகக் கொண்டுவந்தார்கள். அதை வைத்துத்தான் படத்தை மீட்டார்கள். அந்தப் போர்வையைப் படித்தபோது எனக்கு நம் மஞ்சள் பைதான் ஞாபகம் வந்தது.

இன்றைய நிலை

டிராப்பாக்ஸ் 2008-லும் கூகுள் டிரைவ் 2012-லும் வந்தபின், "எல்லாம் கிளவுடில் இருக்கிறது, கவலை இல்லை" என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் அவை பெரும்பாலும் செய்வது இரண்டு இடங்களையும் ஒன்றுபோல வைத்திருப்பதுதான். செல்போனில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். சில நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு அதுவும் போய்விடும். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய வைரஸ்கள் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பெரிய இடங்களும் தப்புவதில்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் இருந்த அரசுத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பணிக்கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இந்த அனுபவங்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வீட்டுக்கு இதைச் செய்யப் பெரிய செலவில்லை. கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று. மாதம் ஒருமுறை செருகிப் பிரதி எடுத்து, உடனே கழற்றிப் பீரோவின் மேல் தட்டில் வைக்கும் டிஸ்க் இரண்டாவது. கிளவுட் கணக்கு, அல்லது வேறு ஊரிலுள்ள மகள் வீட்டில் வைக்கும் இன்னொரு டிஸ்க் மூன்றாவது. கடை வைத்திருப்பவர்கள் தாத்தா, அப்பா, பிள்ளை முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்க்கும் என்றாவது பழுதாகும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏடு பெயர்ப்பதுபோல் புதியதற்கு மாற்றிவிடுவதும் நல்லது.

நம் சங்கத்தில் இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று செயலாளர் வீட்டுக் கம்ப்யூட்டரில். இன்னொன்று வேறு தெருவில், பொருளாளரின் மாடி வீட்டில் இருக்கும் டிஸ்க்கில். மூன்றாவது தனி நபர் பெயரில் அல்லாமல் சங்கத்தின் பெயரிலேயே தொடங்கிய கிளவுட் கணக்கில். அதன் பாஸ்வேர்டு உறையிலிட்டுத் தலைவரிடம் இருக்கிறது. பூங்காப் பத்திரத்தின் செராக்ஸ் இப்போதும் அதே மஞ்சள் பையில்தான்.

செயற்குழுவுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு பழைய ரசீதை எடுத்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள். "இருக்கிறது" என்ற பதிலை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட வேண்டாம். அந்தப் பதிலை நானும் ஒருமுறை சொன்னவன்தான்.

மார்ச் 31 உலக பேக்கப் தினம். அதுவரை காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்று தேடித் திறந்து பாருங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் மாலை ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நான் இருப்பேன்.