நான்கு ஊர்களில் ஒரு வேதாகமம்

4ஆம் நூற்றாண்டின் நடுவில் தோல் ஏடுகளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது அந்த வேதாகமம். எந்த ஊரில் எழுதினார்கள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலான பக்கங்களில் நான்கு பத்திகள். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. புதிய ஏற்பாடு முழுவதும் உள்ள கைப்பிரதிகளில் இதைவிடப் பழையது கிடைக்கவில்லை. எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீனா மடத்தில் இருந்ததால், 'சினாய் சுவடி' என்று பெயர்.

1844இல் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்வாளர் கான்ஸ்டன்டின் டிஷன்டார்ஃப் அந்த மடத்துக்குப் போனார். எரிப்பதற்காகக் கூடையில் கிடந்த ஏடுகளைத் தாம் காப்பாற்றியதாகப் பிற்பாடு எழுதினார். மடத்தார் அதை மறுக்கிறார்கள். எப்படியோ 43 ஏடுகள் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ந்தன. 1859இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் ஆதரவோடு மறுபடி வந்தவர், கேட்கும்போது திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து 347 ஏடுகளை வாங்கிச் சென்றார். ஏடுகள் திரும்பவில்லை. 1869இல் அவற்றைப் பேரரசருக்கு நன்கொடையாக்கும் பத்திரம் கையெழுத்தானது. மடத்துக்கு 9,000 ரூபிள் கிடைத்தது. மனமுவந்து கொடுத்தார்களா, வேறு வழியின்றிக் கொடுத்தார்களா என்ற வாதம் அன்றிலிருந்து நடக்கிறது.

புரட்சிக்குப் பின் வந்த சோவியத் அரசுக்கு வேதாகமம் தேவைப்படவில்லை, அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. 1933இல் 1,00,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றது. அந்தத் தொகையில் பாதிக்கு மேல் பொதுமக்கள் போட்ட நன்கொடை.

பல்கலைக்கழகத்தில் சமயம் படிக்கிறவர்களுக்கு இந்தச் சுவடி தருகிற வேலை ஏராளம். இதில் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றும் பகுதி இல்லை. விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானில் இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டில் இல்லாத பர்னபா நிருபமோ இதில் இருக்கிறது. பக்கமெங்கும் திருத்தங்கள், ஆயிரக்கணக்கில். எழுதியவர்கள் எத்தனை பேர்? டிஷன்டார்ஃப் நான்கு என்றார். 1938இல் மில்ன், ஸ்கீட் என்ற இரு ஆய்வாளர்கள் கையெழுத்தையும் எழுத்துப்பிழைகளையும் ஒப்பிட்டு மூன்று என்றார்கள். எது முந்திய வாசகம், திருத்தியது எந்தக் கை, திருத்தியவருக்கு முன்னால் எந்தப் பிரதி இருந்தது என்று மாணவர்கள் ஒவ்வொரு வரியாகத் துருவுகிறார்கள். விசுவாசியும் நாத்திகரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது.

1975இல் மடத்தில் அடைபட்டுக் கிடந்த ஓர் அறையைத் துப்புரவாக்கியபோது மேலும் சில ஏடுகள் அகப்பட்டன. அவை மடத்திலேயே இருக்கின்றன. லண்டன், லைப்சிக், சினாய், சில துண்டுகளோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என நாலாகப் பிரிந்த சுவடி, 2009இல் இணையத்தில் ஒன்றுசேர்ந்தது. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

திரையில் சேர்ந்ததால், சுவடி யாருக்குச் சொந்தம் என்ற வாதம் தீர்ந்துவிடவில்லை. வசனத்தின் வரலாற்றைத் தோண்டுகிற வகுப்பறை, அந்த வசனம் தன் நூலகத்துக்கு வந்த வழியையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் வேதாகமப் படிப்பு அரைகுறைதான்.