படிக்கட்டுக்குக் கீழே ஒரு வண்டில்

வெள்ளவத்தையில் அக்கா வாடகைக்கு இருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் இல்லை. வீடு மூன்றாம் மாடியில். பிள்ளைக்கு மூன்று மாதமானபோது கனடாவிலிருந்து வந்த சித்தி ஒரு ப்ராம் கொண்டுவந்து குடுத்தா. பெரிய சில்லுகள், தடித்த மெத்தை, மழைக்கு ஒரு மூடி. எல்லாருக்கும் சந்தோசம். முதல் கிழமை அத்தான் தூக்கி ஏத்தி இறக்கினார். பிறகு அவருக்கு வேலை. அக்காவுக்கு சிசேரியன். பிள்ளையை விடப் பாரமான எதையும் கொஞ்சக் காலத்துக்குத் தூக்க வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் வண்டிலைக் கீழே, படிக்கட்டுக்கு அடியில், தண்ணி மோட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினா.

நாலாம் நாள் அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "பொது இடத்தில் தனியார் பொருட்களை வைக்க வேண்டாம்."

அக்கா அந்தத் தாளை மடிச்சு வைச்சுக்கொண்டு கேட்டா: "அப்ப இதை எங்க வைக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வாசிக்கத் தொடங்கினேன். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூற்றாண்டுக் கணக்கான வரலாறு இருக்கும் எண்டு நான் நினைக்கவே இல்லை.

முதலில் வண்டிலின் கதை. 1733இல் இங்கிலாந்தில் மூன்றாம் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் ஒரு சிறு வண்டிலைச் செய்தார். சிப்பி வடிவம். ஆடோ சின்னக் குதிரையோ இழுக்க வேண்டும். இதுதான் நவீனப் பிள்ளை வண்டிலின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த வண்டிலை எங்கே வைப்பது என்று அந்த வீட்டில் யாரும் தலையைப் பிய்த்திருக்க மாட்டார்கள். குதிரை லாயம் இருந்தது, வேலைக்காரர் இருந்தார்கள், ஏற வேண்டிய பொதுப் படிக்கட்டு இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்டில் பிரபுக்களின் வாசலைத் தாண்டி வெளியே வந்தது. 1877இல் லீட்ஸ் நகரத்தில் சில்வர் குரொஸ் நிறுவனம் தொடங்கியது. 1889இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினத்தவர், பிள்ளையின் முகம் தள்ளுபவரைப் பார்க்கும்படி திருப்பக்கூடிய வண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். விலை இறங்க இறங்க, நடுத்தர வர்க்கமும் பிறகு தொழிலாளர் குடும்பங்களும் வண்டில் வாங்கத் தொடங்கின.

இதே காலத்தில் நகரங்களில் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. லிஃப்ட் வருமுன்னர் ஒரு கட்டடத்தில் உயரம் என்பது வறுமையின் அடையாளம். பாரிஸில் ஓஸ்மான் காலத்துக் கட்டடங்களைப் பாருங்கள்: வசதியானவர்கள் கீழ் மாடிகளில், வேலைக்காரப் பெண்களின் அறைகள் கூரைக்கு அடியில். படியேறும் கஷ்டம் வர்க்கப்படி பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. 1857இல் நியூயோர்க்கில் ஒரு கடைக் கட்டடத்தில் ஒட்டிஸ் நிறுவனம் பயணிகள் லிஃப்ட் பொருத்திய பிறகு, மெல்ல மெல்ல இந்தக் கணக்கு தலைகீழானது. மேல் மாடி விலையுயர்ந்ததானது. ஆனால் அது லிஃப்ட் உள்ள கட்டடங்களில் மட்டும்தான்.

ஏழைகளுக்கும் தொழிலாளருக்கும் கட்டப்பட்டவற்றில் பெரும்பாலும் லிஃப்ட் இல்லை. இலண்டனில் ஓல்ட் நிக்கல் என்ற சேரியை இடித்து, நகர சபை கட்டிய பவுண்டரி குடியிருப்பு 1900இல் திறக்கப்பட்டது. ஐந்து மாடி வரை எல்லாம் படிதான். சோவியத் யூனியனில் 1957க்குப் பிறகு குருஷேவ் காலத்தில் எழுந்த இலட்சக்கணக்கான வீடுகளும் பெரும்பாலும் ஐந்து மாடிக் கட்டடங்களில்தான். ஏன் சரியாக ஐந்து? அதற்கு மேல் கட்டினால் லிஃப்ட் போட வேண்டும் என்பது விதி. மனிதரின் கால் எவ்வளவு தாங்கும் என்பதை விட, செலவு எங்கே கூடத் தொடங்குகிறது என்பதே மாடிகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது.

இப்படி வண்டில் கீழிறங்கி வந்தது, வீடு மேலேறிப் போனது. இரண்டும் சந்தித்த இடம் படிக்கட்டின் அடி.

இலண்டன் நகர சபை இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அது கட்டிய செங்கல் தொடர்மாடிகள் பலவற்றின் முற்றத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொட்டில்களைக் கட்டி வைத்தது. ப்ராம் கொட்டில்கள். வண்டிலைக் கீழே பூட்டிவிட்டு, பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே போகலாம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வரைபடம் கீறியவரின் மனதில் ஒரு தாய் இருந்திருக்கிறாள்.

1961இல் பிரித்தானியாவில் பார்க்கர் மொரிஸ் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை, தளபாடங்களையும் அங்கு நடக்கும் அன்றாட வேலைகளையும் வைத்துக் கணக்கிட்ட அறிக்கை. அதிலிருந்து பிறந்த தரவிதிகளில், மூன்று பேரும் அதற்கு மேலும் வாழும் வீட்டில் ப்ராமுக்குத் தனியாக இடம் ஒதுக்கப்பட்டது: 1400 மில்லிமீற்றர் நீளம், 700 மில்லிமீற்றர் அகலம். 1969இலிருந்து உள்ளூராட்சி சபைகள் கட்டும் எல்லாப் புதிய வீடுகளுக்கும் பார்க்கர் மொரிஸ் தரம் கட்டாயமானது. அந்த இலக்கங்களை வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஓர் அரசாங்கம் உட்கார்ந்து பிள்ளை வண்டிலை அளந்திருக்கிறது!

அதே பத்தாண்டில்தான் வேறொரு பதிலும் வந்தது. ஓவன் மக்லாரன் என்பவர் ஓய்வுபெற்ற விமானப் பொறியியலாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சில்லுகளை வடிவமைத்ததில் பங்குள்ளவர். வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளையோடு வந்த மகள், பாரமான தள்ளுவண்டிலோடு படும் பாட்டைப் பார்த்தார். விமானத்தின் சில்லு மடிந்து உள்ளே போகுமென்றால் வண்டில் ஏன் மடியக்கூடாது? அலுமினியக் குழாய்களால், குடையைப் போல மடியும் வண்டிலைச் செய்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று எங்கட கடைகளில் தொங்கும் மடிப்பு வண்டில்கள் எல்லாம் அதன் வழிவந்தவைதான்.

மக்லாரனின் கண்டுபிடிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனையோ தாய்மாரை அது பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றியது. ஆனால் இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது பதிலில் பாரத்தைக் கட்டடம் சுமக்கிறது. இரண்டாவதில் தாயின் கை சுமக்கிறது. வண்டில் மடிக்கக்கூடியதாக ஆனதும், "மடிச்சு மேல கொண்டு போங்கோவன்" என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது. ஒரு கையில் பிள்ளை, தோளில் பை, மற்றக் கையில் மடித்த வண்டில், கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பார்க்கர் மொரிஸ் தரவிதிகளின் கட்டாயமும் 1980இல் நீக்கப்பட்டது. ப்ராமுக்கு அளந்து வைத்த இடம் விதியிலிருந்தே போனது.

இந்த இடத்தில் அந்தத் தாளை ஒட்டியவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தீப்பிடித்தால் ஓடி வெளியேற அந்தப் படிக்கட்டு ஒன்றுதான் வழி. 2011இல் பெர்லினில் கட்டட வாசல்களில் நிறுத்தியிருந்த பிள்ளை வண்டில்களுக்கு யாரோ தீ வைத்த சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. நொய்கோல்ன் பகுதியில் அப்படியான ஒரு தீயில் மூன்று பேர் செத்துப்போனார்கள். மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை படிக்கட்டு வழியே மேலே போனால், மேல் மாடியில் இருப்பவர்களுக்குத் தப்ப வழியில்லை. ஆகவே வண்டிலை நடைவழியில் விடுவதும் பதில் இல்லை, அதை மேலே தூக்கச் சொல்வதும் பதில் இல்லை.

ஜேர்மனியின் மாதிரிக் கட்டடச் சட்டம் இதை அழகாகத் தீர்க்கிறது. மேல் மாடியின் தரை 13 மீற்றருக்கு மேல் உயர்ந்தால்தான் அங்கு லிஃப்ட் கட்டாயம். அதாவது லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம் அங்கேயும் சட்டப்படி சரி. ஆனால் மிகச் சிறிய வீடுகள் தவிர்ந்த குடியிருப்புக் கட்டடங்களில் சக்கர நாற்காலி, பிள்ளை வண்டில், சைக்கிள் ஆகியவற்றை வைக்கச் சுலபமாகப் போய்வரக்கூடிய ஓர் அறை இருந்தே ஆக வேண்டும். லிஃப்ட்டுக்குக் காசில்லை என்றால் விளங்குகிறது. ஒரு கதவும் நாலு சுவரும் போடவும் காசில்லை என்று சொல்ல முடியாது.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். எங்களிடம் ப்ராம் பழக்கம் குறைவு, பிள்ளையை இடுப்பில் வைத்தே பழகின ஆக்கள் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஏணையும் இடுப்பும் எங்கள் ஊர் முறை. ஆனால் இடுப்பில் மாறி மாறி வைக்க ஊரில் அம்மம்மா இருந்தா, சின்னம்மா இருந்தா, பக்கத்து வீட்டு அக்கா இருந்தா. வெள்ளவத்தையின் மூன்றாம் மாடியில் அக்கா மட்டும்தான். வண்டில் ஆடம்பரம் இல்லை. இல்லாமல் போன அந்தக் கைகளுக்குப் பதிலாக வந்த சாமான் அது.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி, படிக்கட்டும் அதன் அடியும் தனி ஒருவருடையதல்ல, வீட்டுச் சொந்தக்காரர் எல்லாருக்கும் பொது. எனவே "பொது இடம்" என்று தாளில் எழுதியது சரிதான். ஆனால் பொது என்றால் ஒருவரும் பாவிக்கக்கூடாது என்று அர்த்தமா, எல்லாரும் கூடி முடிவெடுக்கலாம் என்று அர்த்தமா? அதில் இன்னொரு சிக்கல்: அக்கா வாடகைக்கு இருப்பவ. கூட்டத்தில் வாக்கு வீட்டுக்காரருக்கு, அவர் இருப்பதோ இலண்டனில். படி ஏறுகிறவருக்குக் குரல் இல்லை, குரல் உள்ளவர் படி ஏறுவதில்லை.

தாள் ஒட்டிய பிறகு மூன்று கிழமை அக்கா பிள்ளையோடு வெளியில் போகவே இல்லை. கடற்கரை அஞ்சு நிமிச நடை. வண்டில் பல்கனியில் நின்றது, அதன்மேல் உடுப்புக் காய்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் 1400, 700 என்ற இலக்கங்களைச் சொன்னேன். அக்கா தையல் நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினா. மோட்டர் இருக்கும் மூலைக்குப் பின்னால், படிவழியை மறிக்காத பக்கத்தில், பழைய பெயின்ற் வாளிகளும் உடைந்த கதவொன்றும் கிடக்கிற இடத்தை அளந்தோம். அதைத் துப்பரவாக்கி ஒரு கதவு போட்டால் இரண்டு வண்டில் நிற்கும், சைக்கிள் ஒன்றும் நிற்கும். படம் எடுத்து, அளவும் எழுதி, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறா. "கூட்டத்தில கேட்டுப் பாக்கச் சொல்லுறன்" எண்டு பதில் வந்திருக்கு.

கூட்டம் அடுத்த மாசம். பிள்ளை அதற்குள் தவழத் தொடங்கிவிடும்.