தீக்குச்சியும் தாடையெலும்பும்

தொழிலிடங்களில் ஆபத்தைக் கட்டுப்படுத்தும் முறையைக் கற்பிப்போர் இன்று ஐந்து படிகளைக் குறிப்பிடுவர். தீங்கு தரும் பொருளையோ வேலைமுறையையோ அடியோடு நீக்கிவிடுவது முதற்படி. அது இயலாவிடின் தீங்கு குறைந்த வேறொன்றை அதனிடத்தில் வைப்பது. அதற்கும் வழியில்லையெனின் மூடிய இயந்திரம், காற்றோட்டம், தடுப்புச்சுவர் ஆகியவற்றால் மனிதரை ஆபத்திலிருந்து பிரித்துவைப்பது. விதிமுறைகளும் பயிற்சியும் எச்சரிக்கைப் பலகைகளும் அதற்குப் பின்னரே வரும். கையுறையும் முகமூடியும் கடைசிப்படி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மேலிருந்து கீழே இறங்க இறங்கப் பாதுகாப்பின் சுமை முதலாளியின் தோளிலிருந்து தொழிலாளியின் தோளுக்கு மாறிக்கொண்டே போகிறது. கடைசிப்படியில் நிற்பவர் ஒரு நாள் மறந்தாலும், களைத்தாலும், கையுறை கிழிந்தாலும் பாதிக்கப்படுவது அவரே.

பாடநூலில் மேலிருந்து கீழாக எழுதப்பட்டுள்ள இவ்வரிசை வரலாற்றில் பெரும்பாலும் கீழிருந்து மேலாகவே ஏறியிருக்கிறது. நம் வீட்டு அடுக்களையில் கிடக்கும் நெருப்புப்பெட்டியின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1830ஆம் ஆண்டளவில் பிரான்சைச் சேர்ந்த சார்ள்ஸ் சோரியா என்பவர் தீக்குச்சியின் முனையில் வெண் பொஸ்பரஸைச் சேர்த்தார். எங்கு உரசினாலும் பற்றிக்கொள்ளும் மலிவான குச்சி அதனால் உருவாயிற்று. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய நகரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. வேலை செய்தோரிற் பெரும்பாலானோர் ஏழைப் பெண்களும் சிறுவர்களும். 1845இல் வியன்னா நகர மருத்துவரான லொரின்சர், இத்தொழிலாளரிடையே தாம் கண்ட புதிய நோயொன்றை விவரித்து எழுதினார். பல்வலியில் தொடங்கும், முரசு வீங்கும், சீழ் வடியும், பின்னர் தாடையெலும்பு சிறிது சிறிதாகச் செத்துப்போகும். வாயிலிருந்து எழும் துர்நாற்றத்தால் உறவினர்கூட அருகில் இருக்க மாட்டார்கள். எலும்பை வெட்டியெடுத்து உயிரைக் காப்பாற்றினால் எஞ்சுவது உருக்குலைந்த முகம். பொஸ்பரஸ் ஆவியைப் பல ஆண்டுகள் சுவாசித்த பின்னரே நோய் தலைகாட்டும் என்பதால், வேலையை விட்டுப் போனவருக்கு வந்த நோயைத் தொழிற்சாலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதும் எளிதாயிற்று.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, மருந்தும் ஏறத்தாழ நோயுடனேயே பிறந்துவிட்டது என்பதுதான். அதே வியன்னாவில், அதே 1840களில், அன்டன் ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர் சிவப்புப் பொஸ்பரஸின் இயல்பை விளக்கினார். அது எளிதில் ஆவியாகாதது, நஞ்சும் இல்லாதது. சுவீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இலேயே பாதுகாப்பான தீக்குச்சிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பொஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கப்பட்டையில் பூசுவதே அவரது யோசனை. யொன்ஷொப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிற்சாலை உற்பத்தியாக்கி, 1855இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தனர். அதே ஆண்டு அதன் பிரித்தானிய உரிமையை வாங்கியது, பின்னாளில் இவ்விடயத்தில் மிகவும் பெயர் கெட்டுப்போன இலண்டன் பிரையன்ட் அன்ட் மே கம்பனிதான்.

ஆக, இரண்டாம் படியாகிய மாற்றீடு 1855இலேயே அக்கம்பனியின் கையில் இருந்தது. ஆயினும் எங்கும் உரசக்கூடிய வெண் பொஸ்பரஸ் குச்சி விலை குறைந்தது. வாங்குவோர் அதையே கேட்டனர். கம்பனியும் அதையே பெருமளவில் செய்தது.

அதற்குப் பதிலாகத் தொழிலாளருக்குக் கிடைத்தவை என்ன? கைகழுவும் விதி. பற்பரிசோதனை. பல் பழுதானால் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. சில இடங்களில் கற்பூரத் தைலம் நிரப்பிய சிறு தகரக் குப்பியைக் கழுத்தில் தொங்கவிட்டனர். அதன் ஆவி பொஸ்பரஸின் தீமையைப் போக்கும் என்பது நம்பிக்கை. காற்றோட்ட வசதிகளும் ஓரளவு வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நஞ்சு அங்கேயே இருந்தது. அதனருகில் எவ்வாறு கவனமாக இருப்பது என்பதையே அந்தப் பெண்களுக்குப் போதித்தார்கள்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் அச்சுக்கூடத்தை ஆண்டது ஈய எழுத்து. அச்சுக்கோப்பாளர்கள் கறுத்த விரல்களுடன் எழுத்துப் பெட்டிகளுக்கு அருகிலேயே தேநீர் குடிப்பதையும் வடை தின்பதையும் நாள்தோறும் கண்டிருக்கிறேன். உண்ணுமுன் கைகழுவும்படி சுவரில் அறிவித்தல் இருந்தது. தண்ணீர்க் குழாயோ முற்றத்தின் மறுகோடியில் இருந்தது. கடைசியில் ஈயம் ஒழிந்தது எவருடைய உடல்நலத்தையும் முன்னிட்டல்ல. ஓப்செற் அச்சும் கணினியும் வந்து அதைச் செலவு மிக்கதாக்கிவிட்டன.

இலண்டனுக்குத் திரும்புவோம். 1888 யூன் மாதம் 23ஆந் திகதி, ‘த லிங்க்’ என்ற சிறு பத்திரிகையில் அன்னி பெசன்ட் அம்மையார் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஆம், பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கியவரும், ‘நியூ இந்தியா’ நாளேட்டை நடத்தியவரும், 1917இல் இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தவருமான அதே அம்மையார்தான். பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கு மேல் இலாபம் பகிர்ந்த கம்பனி, பேசியதற்கும் குச்சிகளைத் தவறவிட்டதற்கும் சிறுமிகளின் சொற்பக் கூலியில் தண்டம் அறவிட்டதை அவர் அம்பலப்படுத்தினார். கட்டுரை பொய்யென்று கையொப்பமிடுமாறு நிர்வாகம் கேட்க, தொழிலாளர் மறுத்தனர். யூலை தொடக்கத்தில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இரு வாரங்களுக்குள் வெற்றியும் பெற்றனர்.

அந்த வெற்றியின் அளவைச் சரியாகக் கணிக்க வேண்டும். தண்டம் ஒழிந்தது, தொழிற்சங்கம் பிறந்தது, பொஸ்பரஸ் படாத தனி இடத்தில் உணவருந்த ஏற்பாடாயிற்று. உணவறையைப் பிரித்தது உண்மையிலேயே பயனுள்ள தடுப்பு. அதைக் கேட்டுப் பெற்றவர்கள் படித்த நிபுணர்கள் அல்லர், அந்தப் பெண்களே. ஆயினும் வெண் பொஸ்பரஸ் அதன்பின்னும் 13 ஆண்டுகள் அத்தொழிற்சாலையில் இருந்தது.

1891இல் இரட்சணிய சேனை அதே கிழக்கு இலண்டனில் சிவப்புப் பொஸ்பரஸ் மட்டும் பயன்படுத்தும் தொழிற்சாலையொன்றைத் திறந்து, கூடுதல் கூலியும் கொடுத்தது. விலை கூடிய அந்தக் குச்சி சந்தையில் நிலைக்கவில்லை, 1901இல் மூடப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் மலிவு விலையுடன் போட்டியிட முடியாது என்பதை அந்தப் பத்தாண்டு காட்டிற்று. 1895ஆம் ஆண்டுச் சட்டம் பொஸ்பரஸ் நோயை அரசுக்கு அறிவிக்கும்படி கட்டாயப்படுத்தியிருந்தும், பிரையன்ட் அன்ட் மே 17 நோயாளரை மறைத்திருந்தது 1898இல் வெளிப்பட்டது. நீதிமன்றம் விதித்த தண்டம் ஏறத்தாழ 25 பவுண்.

அதே 1898இல் பிரான்சில் செவேன், காஹென் என்ற இருவர் பொஸ்பரஸ் செஸ்குயி சல்பைட்டைக் கொண்டு எங்கும் உரசக்கூடிய, ஆனால் தாடையை அரிக்காத குச்சியை உருவாக்கினர். வாங்குவோரின் வசதியும் குறையாது என்றானபின் எதிர்ப்புக்குக் காரணமில்லாமற் போயிற்று. 1901இல் பிரையன்ட் அன்ட் மே வெண் பொஸ்பரஸைக் கைவிட்டது. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் அதைத் தடைசெய்திருந்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 1906இல் பேர்ண் நகரில் சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தானபோது பிரித்தானியா விலகி நின்றது. 1908இலேயே தடைச்சட்டம் இயற்றிற்று.

அமெரிக்காவின் வழி விசித்திரமானது. பொருளைத் தடைசெய்ய மத்திய காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டா என்ற ஐயம் இருந்தமையால், 1912இல் 100 வெண் பொஸ்பரஸ் குச்சிகளுக்கு 2 சதம் வரி விதித்தனர். அந்த வரியைக் கட்டி எவரும் இலாபம் காண முடியாது. அதற்கு முந்திய ஆண்டு, மாற்றுப்பொருளின் காப்புரிமையை வைத்திருந்த டயமன்ட் கம்பனி, ஜனாதிபதி டாவ்ட் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவ்வுரிமையை விட்டுக்கொடுத்திருந்தது. அது நடந்திராவிட்டால் சிறு உற்பத்தியாளர்கள் சட்டத்தை இறுதிவரை எதிர்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பிரித்தானிய இந்தியாவில் 1913இல் தடைச்சட்டம் வந்தது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது வெண் பொஸ்பரஸ் சட்டத்துக்குப் புறம்பானதாகியிருந்தது. சிவகாசிக்கு வேறு துயரங்கள் உண்டு. தீ உண்டு, குழந்தைத் தொழிலாளரின் நீண்ட வரலாறு உண்டு. ஆனால் தாடையெலும்பு அழுகும் அந்த நோய்க்கு அங்கே இடமிருக்கவில்லை. எந்தத் தொழிலாளியும் கவனமாக இருந்து பெற்றுக்கொண்ட பாதுகாப்பன்று அது. பொருளே இல்லாமற் போனதால் வந்தது.

கிழக்கு ஹாமுக்குச் செல்லும் டிஸ்ட்ரிக்ட் ரயிலில் நம்மவர் பலர் நாள்தோறும் ‘போ ரோட்’ நிலையத்தைக் கடந்து போகிறார்கள். அருகில் நிற்கும் செங்கற் கட்டடத்தில் இருந்த பிரையன்ட் அன்ட் மே தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. இப்போது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. 1888 வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் நீல வட்டப் பலகை ஒன்று 2022இல் அதன் சுவரிற் பதிக்கப்பட்டது.