ஆறாத காலும் இறுக்கிக் கட்டின உறையும்

எங்க சித்தூர்ப் பக்கம் நின்னே பிழைக்கறவங்க நிறைய. கணுக்கால் உள்பக்கம் கறுத்துப் புண் வந்தா சர்க்கரைப் புண்ணுன்னு முடிவுகட்டிடுவாங்க. இங்கிருந்து போன் போட்டா, இப்பவும் களிம்புப் பேர்தான் கேக்கறாங்க.

பல பேருக்குக் கோளாறு சிரை வால்வுல. மேலே ஏறவேண்டிய ரத்தம் கீழேயே தேங்குது (எங்க பேங்க் பாஷையில வாராக்கடன்!). அந்த வால்வுகளை 1603-லயே இத்தாலியில ஃபாப்ரிசியஸ் படம் போட்டுக் காட்டிட்டார். 1676-ல இங்கிலாந்து ராஜாவோட சர்ஜன் வைஸ்மன், கயிறு கோர்த்த தோல் காலுறையால இறுக்கச் சொல்லி எழுதினார். இன்னிக்கும் முதல் வைத்தியம் அழுத்தம்தாங்க. கூடவே பழுதான சிரையையும் சீக்கிரம் அடைச்சா வேகமா ஆறுதுன்னு 2018-ல பிரிட்டன் ஆய்வு ஒண்ணு காட்டுச்சு.

எங்க வீட்ல பெரிய வைத்தியம்னா வேலூர். 1993-ல திருப்பதியிலயே ஸ்விம்ஸ் வந்தாச்சு. நீங்களே கட்டிடாதீங்க. தமனியில அடைப்பு இருந்தா இறுக்கின கட்டே காலைக் காவு வாங்கிடும். முதல்ல டாப்ளர் பாருங்க.