ஆறுமுக நாவலர்: போற்றத்தக்கனவும் வினவத்தக்கனவும்

சமயத் தலைவர் ஒருவரைப் பற்றி மாணவர்களுக்குக் கற்பிக்கும்பொழுது ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்கிறோம். அவரைக் குறையே அற்ற பெருமகனாகக் காட்டுவது ஒரு வழி. குறை ஏதேனும் தெரியவந்தால் அவரைப் பாடத்திலிருந்தே விலக்கிவிடுவது மற்றொரு வழி. இவ்விரண்டுமே மாணவர்க்கு நன்மை பயப்பன அல்ல என்பது என் கருத்து. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். நாவலர் மரபில் வளர்ந்த ஈழத்துச் சைவர் பலர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிக் கோயில்களையும் சங்கங்களையும் அமைத்தவர்கள். எனவே அவரை அறிந்துகொள்வது நமக்குப் புறம்பான செய்தி அன்று.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரில் பிறந்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் நடத்திய வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார். பெர்சிவல் மேற்கொண்ட விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றவரும் இவரே. கிறித்துவப் பள்ளி, அச்சகம், மேடைப் பேச்சு, சிறு வெளியீடு ஆகியவை மக்கள் மனத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அவர் உள்ளிருந்தே கண்டார். அக்கருவிகளைச் சைவத்திற்கும் தமிழுக்கும் பயன்படுத்தத் துணிந்தார். 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசன் பள்ளி வேலையையும் அதன் ஊதியத்தையும் துறந்தார். இறுதிவரை இல்லறம் மேற்கொள்ளாமல், தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே ஒப்படைத்தார். திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கிச் சிறப்பித்தது.

போற்றத்தக்கன

ஆசிரியர்களுக்கு நாவலர் செய்த உதவி அளப்பரியது. செய்யுளே கல்வி என்றிருந்த காலத்தில், சிறுவர் படித்து உணரத்தக்க எளிய உரைநடையில் 'பாலபாடம்' என்னும் வரிசை நூல்களை அவர் எழுதினார். பெரிய புராணத்தை உரைநடையில் தந்தார். நிறுத்தற்குறிகளைத் தமிழில் முறையாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார். பரிமேலழகர் உரையுடன் கூடிய திருக்குறள், தொல்காப்பியச் சேனாவரையம் முதலிய நூல்களைப் பிழை களைந்து அச்சேற்றினார். இன்று நம் மாணவர்கள் எழுதும் கட்டுரை என்னும் வடிவத்திற்கு அவர் இட்ட அடித்தளம் உண்டு. நான்காம் பாலபாடத்தில் கொலை, களவு, பொய், சூது, அழுக்காறு, செய்ந்நன்றியறிதல், கல்வி எனத் தனித்தனித் தலைப்புகளில் அவர் எழுதியவை நம் நன்னெறிக் கல்விப் பாடங்களுக்கு முன்னோடிகள் எனலாம்.

அவருடைய அறம் ஏட்டளவில் நின்றதும் அன்று. 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் பரவியபொழுது, பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். மக்கள் துயருற்றபோது கடமை தவறினார் என்று அரசாங்க அதிபர் துவைனத்தையே வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். ஆட்சியாளருக்கு அஞ்சித் தமிழர் பலர் வாய்மூடியிருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

தம் சமயத்தாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோயிலில் உயிர்ப்பலியிடுதல், தேவதாசியர் ஆட்டம், ஆகம விதிக்கு மாறான வழிபாடு ஆகியவற்றைக் கடிந்தார். தம் சொந்த ஊராகிய நல்லூரின் கந்தசாமி கோயில் நிருவாகத்தாரோடும் இதன்பொருட்டு மோதினார். பிறரைத் திருத்த முற்படுமுன் தம்மவரைத் திருத்த வேண்டும் என்னும் நேர்மை அவரிடம் இருந்தது.

வினவத்தக்கன

இத்துணைப் பெருமையுடையவரின் அறத்தில் ஒரு வேலியும் இருந்தது. அது சாதி என்னும் வேலி. தீட்சை, கோயில் வழிபாடு, உணவு, தீட்டு ஆகியவை பற்றி அவர் வகுத்துரைத்த ஒழுக்க விதிகள் சாதி வேற்றுமையை ஏற்றுக்கொண்டவை. ஒடுக்கப்பட்ட மக்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தை அவர் ஆகமத்தின் பெயரால் ஏற்றார். சாதி அவர் படைத்ததன்று. அவருக்கு முன்பே யாழ்ப்பாணச் சமூகத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. எனினும் ஊர்வழக்காக இருந்த ஒன்றுக்கு அச்சிட்ட நூலின் அதிகாரமும், மாசற்ற துறவொழுக்கம் உடையவர் ஒருவரின் வாய்மொழியும் சேரும்பொழுது அதன் வலிமை பன்மடங்காகிறது. நல்லொழுக்கமும் ஒதுக்கலும் ஒரே நூலில், ஒரே குரலில் கற்பிக்கப்பட்டால், படிக்கும் குழந்தை இரண்டையுமே அறம் என்று கொள்ளும்.

இதன் விளைவை வரலாறு காட்டுகிறது. நாவலர் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சமமாக அமர இயலவில்லை. அரசு 1930இல் சம ஆசனத்தை வலியுறுத்தியபொழுது, சைவப் பள்ளி முகாமையாளர் சிலர் அதனை எதிர்த்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைந்து வழிபட ஒடுக்கப்பட்ட மக்கள் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. இவற்றுக்கெல்லாம் நாவலர் ஒருவரையே பொறுப்பாளியாக்குதல் நியாயமாகாது. ஆயினும் கதவடைத்தவர்களுக்கு அவருடைய நூல்கள் துணைநின்றன என்பதை மறுக்கவும் இயலாது.

"அவர் தம் காலத்தின் பிள்ளை, இன்றைய அளவுகோலால் அவரை அளக்கலாமா?" என்று கேட்போர் உளர். கேட்கத்தக்க வினாவே. ஆனால் அக்காலமே இதற்கு வேறொரு விடையையும் தந்திருக்கிறது. நாவலர் பிறந்து பத்துத் திங்கள் கழித்து, 1823ஆம் ஆண்டு அக்டோபரில், சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூரில் இராமலிங்க அடிகள் பிறந்தார். அவரும் சைவ மரபிலே தோன்றியவர். தேவார திருவாசகங்களில் ஊறியவர். அவரோ சாதி சமய வேறுபாடுகளைத் துறந்து, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, வந்தவர் யாவர்க்கும் வேறுபாடின்றி உணவளித்தார். ஒரே காலம், ஒரே மரபு, இருவேறு முடிவுகள். ஆகவே காலத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது.

இவ்விருவர்க்குமிடையே எழுந்த அருட்பா மருட்பாப் பூசலும் நாம் அறிந்ததே. அடிகளின் பாடல்களை 'அருட்பா' என்றும் 'திருமுறை' என்றும் வழங்குதல் தகாது என்று நாவலர் மறுத்தார். 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. தேவார திருவாசகங்களுக்குரிய தனிச்சிறப்பைக் காக்க வேண்டும் என்னும் அவர் கவலை பொருளற்றதன்று. ஆனால் கருத்துப்போர் ஆளை இகழும் போராக மாறியது. இருவரும் மறைந்த பின்னரும் அது ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவரும் ஒருவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நாம் கற்பிக்க வேண்டுவது

அவ்வாறாயின் நாவலரை எவ்வாறு கற்பிப்பது? அவரே நமக்கு வழிகாட்டுகிறார். பெரியவர் செய்தார், முன்னோர் செய்தார் என்பதற்காக எதனையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. கோயில் அதிகாரியாயினும் அரசாங்க அதிபராயினும், தாம் அறம் என்று கொண்டதை முன்வைத்து வினவினார். அதே முறையில் அவரை நாம் வினவுதல் அவமதிப்பு ஆகாது. அவர் கற்பித்த பாடத்தை அவர்மேலேயே செலுத்திப் பார்ப்பதாகும்.

அவர் உருவாக்கிய கருவிகள் அவரிட்ட வேலியைத் தாண்டிச் சென்றுவிட்டன என்பதும் மாணவர் அறிய வேண்டிய உண்மை. எளிய உரைநடையும் அச்சுநூலும் தமிழ்வழிப் பள்ளியும் ஒரு சாதிக்குள் அடங்கி நிற்கக்கூடியன அல்ல. பின்னாளில் சம உரிமை கேட்டுக் குரலெழுப்பியவர்களும் அதே உரைநடையில்தான் எழுதினார்கள், அச்சிட்டுத்தான் பரப்பினார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இவ்வளவு நல்லவர் ஏன் அப்படி எண்ணினார்?" என்று பிள்ளை கேட்டால், "பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று அடக்கிவிடாதீர்கள். அவ்வினா எழுகின்ற உள்ளத்தில்தான் அறவுணர்வு வளர்ந்துகொண்டிருக்கிறது. கஞ்சித்தொட்டி அமைத்த கைகளைப் பிள்ளைகள் வணங்கட்டும். அந்தக் கைகள் யாருக்குக் கதவைத் திறக்கவில்லை என்பதையும் அவர்கள் அறியட்டும். இரண்டையும் அறிந்த பின்னும் எஞ்சி நிற்கும் மதிப்பே உண்மையான மதிப்பு. நாவலருக்கு அம்மதிப்பு நிறையவே எஞ்சும் என்பதில் எனக்கு ஐயமில்லை.